புற்றுசெல்லைச் சாகவைக்கும் ஜீன் ஊசி: அப்பாவுக்குப் போடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. கன்னத்தின் உள்பக்கம் புற்றுநோய். முதலில் ஆபரேஷன், அப்புறம் ரேடியேஷன் என்கிறார் டாக்டர். சீனாவில் ஒரு ஜீன் ஊசி போட்டால் புற்றுசெல்கள் தாமாகவே செத்துவிடும் என்று மாமா செய்தி அனுப்பியிருக்கிறார். ஆபரேஷனைத் தள்ளிப்போட்டு அதை முயலலாமா?

பதில்: தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். அப்படி ஒரு ஊசி இருப்பது உண்மைதான். ஆனால் அது ஆபரேஷனுக்கு மாற்று அல்ல.

செல் தானாகச் சாவது உடம்புக்குப் புதிதில்லை. கருவில் நம் கை முதலில் துடுப்பு மாதிரி இருக்கும். இடையிலுள்ள செல்கள் மடிந்த பிறகுதான் விரல்கள் பிரியும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சாகிற செல் சுருங்கும், மேலே கொப்புளம் கொப்புளமாக எழும்பும், பிறகு சிறு சிறு பொட்டலங்களாக உடையும். பக்கத்துச் செல்கள் அவற்றை விழுங்கிவிடும். வீக்கமோ சீழோ இருக்காது.

டிஎன்ஏ உடைந்து, சரிசெய்யவும் முடியாமல் போனால், செல்லுக்கு 'செத்துப்போ' என்று உத்தரவு போடுவது பி53 என்ற ஜீன். ஏறக்குறைய பாதிப் புற்றுநோய்களில் அந்த ஜீனே பழுதாகியிருக்கிறது. சாக வேண்டிய செல் பெருகிக்கொண்டே போகிறது.

மாமா சொல்லும் ஊசி, சீனா 2003 அக்டோபரில் அனுமதித்த ஜென்டிசினாக இருக்கும். அது நல்ல பி53 ஜீனைச் சுமந்து செல்லும் அடினோவைரஸ் என்ற ஒரு வகை வைரஸ். வைரஸ் பெருகாதபடி அதன் ஒரு பகுதியை நீக்கிவிட்டு, நேராகக் கட்டிக்குள் ஊசியால் ஏற்றுவார்கள். போட்டபின் காய்ச்சல் வருவது சகஜம். தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு அங்கேயும் அதை ரேடியேஷனோடு சேர்த்துத்தான் அனுமதித்தார்கள். கதிர் டிஎன்ஏவை உடைக்கும்; அந்த உடைப்பை வைத்துத்தான் பி53 உத்தரவு போடும்.

குறையும் உண்டு. மருந்து எட்டாத செல் பிழைத்துக்கொள்ளும். கன்னப் புற்றுநோயோ கழுத்து நெறிக்கட்டிகளுக்குப் பரவக்கூடியது. இதே வகை மருந்தான அட்வெக்சினுக்கு 2008-ல் அமெரிக்கா அனுமதி தரவில்லை. ஜென்டிசினுக்கு இந்தியாவிலும் அனுமதி இல்லை.

எங்காவது ஆராய்ச்சி நடக்கிறது என்று யாராவது அழைத்தால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சிடிஆர்ஐ தளத்தில் அதன் பதிவு எண்ணைத் தேடிப் பாருங்கள். சோதனை மருந்துக்கே பணம் கேட்டால் விலகிவிடுங்கள்.

இப்போது ஒரு நாளையும் வீணாக்காதீர்கள். ஆபரேஷன் முடிந்து ஆறு வாரத்துக்குள் ரேடியேஷன் தொடங்குவது நல்லது. அதற்கு முன்பே பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ஆடுகிற, சொத்தையான பல்லை ரேடியேஷனுக்குப் பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். புகையிலை, பாக்குப் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.