லைசன்ஸ் திரும்பி வருகிறது, காப்புறுதிக்கு 3,400 பவுண் கேட்கிறார்கள்

கேள்வி: அண்ணா, நான் லண்டன் ஹரோவில் இருக்கிறேன், வயது 41. குடித்துவிட்டு ஓட்டியதற்காக 2025 மார்ச்சில் கோர்ட்டில் 14 மாதத் தடை போட்டார்கள். ஊதியதில் 52 வந்தது. குடித்து ஓட்டியவர்களுக்கான வகுப்புக்குப் போய் முடித்ததால் தடையைக் குறைத்தார்கள், பெப்ரவரி தொடக்கத்திலேயே அது முடிகிறது. தீர்ப்பு வந்த கிழமையே பழைய இன்சூரன்ஸை நானே நிறுத்தி, காரையும் விற்றுவிட்டேன். வருடம் 780 பவுண் கட்டிய ஆள் நான். இப்போது ஒன்லைனில் போட்டுப் பார்த்தால் 3,400 காட்டுகிறது. எனக்கு விடியற்காலை நாலு மணிக்கு வெயர்ஹவுஸ் வேலை, அந்த நேரத்தில் பஸ்ஸை நம்ப முடியாது. மனைவி பெயரில் எடுத்து என்னை இரண்டாவது ஆளாகப் போடச் சொல்கிறார்கள் நண்பர்கள். வட்ஸ்அப்பில் ஒருவர் 900 பவுணுக்கு எடுத்துத் தருகிறேன் என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, வட்ஸ்அப்காரருக்கு இன்னும் காசு கொடுக்கவில்லை என்று நம்புகிறேன். கொடுக்காதீர்கள். இந்த ஆட்கள் உங்கள் வயதை, விலாசத்தை மாற்றி, தண்டனையை மறைத்து ஒரு பொலிசி எடுத்து, அதைத் திருத்திய கடதாசியை உங்களுக்கு அனுப்புவார்கள். சிலர் எடுத்த பொலிசியையே ரத்துச் செய்துவிட்டு, திரும்பி வந்த காசையும் எடுத்துக்கொள்வார்கள். வீதிக் கமராவில் உங்கள் வாகன இலக்கம் பட்டதும் காப்புறுதி இல்லை என்று பொலிஸுக்குத் தெரிந்துவிடும். காரைத் தூக்கிக்கொண்டு போகலாம், 300 பவுண் அபராதம், லைசன்ஸில் ஆறு புள்ளி. அதோடு ஐஎன்10 என்ற குறி விழும். குடித்து ஓட்டியதற்கான டிஆர்10 என்ற குறி ஏற்கனவே இருக்கும் லைசன்ஸில் ஐஎன்10உம் சேர்ந்தால் 3,400 பவுண் மலிவாகத் தெரியும். யாராவது காப்புறுதி விற்க வந்தால், நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் எஃப்சிஏயின் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இல்லையென்றால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

மனைவி பெயரில் எடுக்கும் யோசனைக்கு இரண்டு முகம் இருக்கிறது. காரைப் பெரும்பாலும் ஓட்டுவது மனைவிதான், நீங்கள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு ஓட்டுவதோடு சரி என்றால், அவரைப் பிரதான சாரதியாகப் போட்டு, உங்களைக் கூடுதல் சாரதியாக, டிஆர்10ஐயும் சொல்லிச் சேர்ப்பது முற்றிலும் சட்டப்படியானது. ஆனால் நீங்கள் எழுதியபடி கிழமையில் பல நாள் விடியற்காலையில் அந்தக் காரை எடுத்துக்கொண்டு போவது நீங்கள். அப்படியிருக்க மனைவியைப் பிரதான சாரதி என்று எழுதினால் அது பொய். விபத்துக்குப் பிறகு கொம்பனி விசாரிக்கும்போது கேட்கும் முதல் கேள்வியே கார் எந்த நேரத்தில், எங்கே நின்றது என்பதுதான். உங்கள் வேலை நேரம் அதற்குப் பதில் சொல்லிவிடும். பிறகு பொலிசி ரத்தாகும். ‘எப்போதாவது உங்கள் காப்புறுதி ரத்துச் செய்யப்பட்டதா’ என்ற கேள்விக்கு இனி மனைவியும் ‘ஆம்’ என்று எழுத வேண்டிவரும். அவருடைய சுத்தமான பெயர் இப்போது உங்கள் வீட்டின் சொத்து, அதைக் கெடுக்க வேண்டாம்.

இந்த விஷயத்தில் நீங்கள் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறீர்கள்: கொம்பனி ரத்துச் செய்யும்வரை காத்திராமல் நீங்களே நிறுத்தினீர்கள். ஆனபடியால் அந்தக் கேள்விக்கு உங்களால் ‘இல்லை’ என்று உண்மையாகவே எழுத முடியும்.

டிஆர்10ஐ மறைக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. இதே நிலையில் இருக்கும் வேறு சிலர் கேட்கிறார்கள், அதனால் சொல்கிறேன். லைசன்ஸ் இலக்கத்தைப் போட்டால் லைசன்ஸ் கொடுக்கும் அரச நிறுவனமான டிவிஎல்ஏயின் பதிவைக் கொம்பனியே பார்க்க வழியிருக்கிறது. 2012ஆம் ஆண்டின் காப்புறுதிச் சட்டப்படி வேண்டுமென்றே பொய் சொன்னவருடைய இழப்பீட்டைக் கொம்பனி மறுக்கலாம், கட்டிய காசையும் பொதுவாகத் திருப்பித் தரத் தேவையில்லை. இடிபட்ட மற்றவருக்குக் கொம்பனி கொடுத்த தொகையை உங்களிடமே திருப்பிக் கேட்கவும் கூடும். அது ஒரு வீட்டு விலை அளவுக்குப் போகலாம். அதே சட்டம் உங்களுக்குச் சாதகமாகவும் ஒன்று சொல்கிறது: கேட்ட கேள்விக்குக் கவனமாக, உண்மையாகப் பதில் சொன்னால் போதும். கேட்காததை நீங்களாக வலிந்து சொல்லக் கடமை இல்லை.

இனி நாட்காட்டிக்கு வருவோம், பலர் குழம்பும் இடம் இது. டிஆர்10 உங்கள் லைசன்ஸ் பதிவில் 11 வருடம் இருக்கும், அதாவது 2036 மார்ச் வரை. ஆனால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காப்புறுதிக்கு அது 5 வருடம்தான் கணக்கு. 1974ஆம் ஆண்டின் குற்றவாளிகள் மறுவாழ்வுச் சட்டப்படி, லைசன்ஸில் குறி விழுந்த தண்டனை ஐந்து வருடத்தில் கழிந்துவிடும். அந்த ஐந்து வருடம் எண்ணப்படுவது தீர்ப்பு நாளிலிருந்து, தடை முடிந்த நாளிலிருந்து அல்ல. இடையில் வேறு வழக்கு எதுவும் வராவிட்டால் உங்களுக்கு 2030 மார்ச். அதற்குப் பிறகு கொம்பனி கேட்டாலும் சொல்லத் தேவையில்லை, தெரிந்தாலும் அதை வைத்து விலை கூட்ட முடியாது. ஆகவே கூடுதல் காசு கட்ட வேண்டியது சுமார் நான்கு வருடம். அதில் மிகக் கனமானது பெரும்பாலும் இந்த முதல் வருடம்.

சரி, அந்த முதல் வருடத்தை எப்படிக் கடப்பது? ஒப்பீட்டுத் தளங்களில் போட்டுப் பாருங்கள், ஆனால் அங்கே நிற்காதீர்கள். பல கொம்பனிகளின் கணினி டிஆர்10ஐக் கண்டதும் கதவைச் சாத்திவிடும், அல்லது வேண்டாத வாடிக்கையாளருக்குச் சொல்லும் விலையைச் சொல்லும். தண்டனை பெற்றவர்களுக்கென்றே காப்புறுதி எடுத்துத் தரும் புரோக்கர்கள் இருக்கிறார்கள். பிரித்தானியக் காப்புறுதித் தரகர் சங்கமான பிபாவுக்குப் போன் எடுத்தால் பொருத்தமானவர்களைச் சொல்வார்கள். தண்டனை பெற்றவர்களுக்கு உதவும் ‘அன்லொக்’ என்ற தொண்டு நிறுவனமும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. புரோக்கரோடு பேசும்போது வகுப்பை முடித்ததைச் சொல்ல மறக்காதீர்கள். சிலர் அதற்கு விலை குறைப்பார்கள்.

பழைய கொம்பனியிடமிருந்து ‘நோ கிளெய்ம்ஸ்’ கடிதத்தை, அதாவது எத்தனை வருடம் இழப்பீடு கேட்காமல் ஓட்டினீர்கள் என்பதற்கான சான்றை, இப்போதே கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான கொம்பனிகள் அதை இரண்டு வருடம் வரைதான் ஏற்கும். உங்கள் கணக்கில் அது 2027 மார்ச் வரை ஓடும். ‘ஒரு வருடம் காரே வேண்டாம், அதே ஷிஃப்டில் போகும் ஒருவரோடு பெற்றோல் காசைப் பகிர்ந்து போகிறேன்’ என்று நீங்கள் நினைத்தால் நான் தடுக்க மாட்டேன். 3,400 என்பது மாதம் 283 பவுண், அதற்கு மேல் பெற்றோல். ஆனால் அந்த 2027 மார்ச்சைத் தாண்டவிடாதீர்கள்.

நீங்கள் ஓட்டும் விதத்தைப் பதிந்து கொம்பனிக்கு அனுப்பும் கறுப்புப் பெட்டியைக் காரில் வைத்தால் மலிவு என்பார்கள். உங்களுக்கு நான் தயங்குவேன். இரவு பதினொன்றிலிருந்து விடியற்காலை ஐந்து வரை ஓட்டுவதைப் பல பெட்டிகள் ஆபத்தான நேரமாகக் கணக்கெடுக்கும், உங்கள் வேலையே அந்த நேரத்தில்தான். கையொப்பம் வைக்குமுன் இதைக் கேளுங்கள். வேலைக்குப் போய்வரும் பாவனையையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். அதை விட்டுவிட்டு மிச்சம் பிடிக்கும் அறுபது, எழுபது பவுண் பிறகு அழவைக்கும். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் எடுத்தால் மலிவு என்பது பழைய நம்பிக்கை, இப்போது பல நேரம் முழுக் காப்புறுதியைவிட அதுதான் விலை கூட.

முடிந்தால் வருடக் காசை ஒரே தடவையில் கட்டுங்கள். மாதத் தவணை என்பது கடன். சில கொம்பனிகள் அதற்கு 20 சதவீதத்துக்கு மேல் வட்டி போடுகின்றன. கையில் காசு இல்லையென்றால் உங்கள் வங்கியில் அல்லது உள்ளூர் கிரெடிட் யூனியனில் வட்டி குறைவா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

தடை முடிவதற்கு 56 நாளுக்கு முன் டிவிஎல்ஏ ஒரு விண்ணப்பம் அனுப்பும். அது இன்னும் வரவில்லையென்றால் நீங்களே விசாரியுங்கள், லைசன்ஸ் தானாகத் திரும்பி வராது. உங்கள் அளவு 52. ஊதிய அளவை வைத்து மருத்துவப் பரிசோதனை கேட்பது 87.5 அல்லது அதற்கு மேல் வந்தவர்களிடம்தான், ஆகவே இது உங்கள் முதல் வழக்கு என்றால் அந்தத் தொல்லை உங்களுக்கு இல்லை. விண்ணப்பம் போன பிறகு, ஓடத் தொடங்கும் நாளுக்கு மூன்று கிழமை முன்னதாக விலை கேளுங்கள், கடைசி நாளில் கேட்டால் கூட்டித்தான் சொல்வார்கள். கார் வாங்குவது எல்லாவற்றுக்கும் கடைசி. பார்த்து வைத்த இரண்டு மூன்று கார்களின் இலக்கங்களைப் போட்டு விலை பாருங்கள். ஒரே விலைக்கு விற்கும் இரண்டு சின்னக் கார்களுக்கிடையே காப்புறுதியில் பல நூறு பவுண் வித்தியாசம் வரலாம். எதற்குக் குறைவோ அதற்கு முற்பணம் கொடுங்கள்.