இரும்புச் சட்டத்தில் வீடு: மதுரைப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

கிடங்குகளுக்கும் பட்டறைகளுக்கும் ஸ்டீல் டிசைன் போட்டுக்கொண்டிருந்தவன் நான். சில வருடங்களாக வீடுகளும் கைக்கு வருகின்றன. கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

திருமங்கலம்: சார், எங்கள் இடம் சுத்தக் கரிசல். கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். இரும்பு வீடு எடை குறைவு, அஸ்திவாரம் ஆழமாக வேண்டாம் என்கிறார் மேஸ்திரி. நம்பலாமா?

எடை குறைவு என்பது உண்மை. 10 அடி நீளம், 10 அடி உயரத்தில் ஒரு 9 அங்குலச் செங்கல் சுவர், இருபக்கப் பூச்சோடு 4 டன்னைத் தாண்டும். அதே சுவரை துத்தநாகம் பூசிய தகட்டுச் சட்டம் நிறுத்தி, இருபுறமும் சிமென்ட் போர்டு அடித்து எழுப்பினால் அரை டன் பக்கம்தான் வரும். மண் தாங்க வேண்டிய சுமை அவ்வளவு குறைகிறது.

ஆனால் கரிசலில் வீடு இறங்குவது மட்டும் பிரச்சினை இல்லை. ஐப்பசி மழையில் அது தண்ணீரைக் குடித்து உப்பும், சித்திரையில் சுருங்கும். உப்பும்போது மேலே இருப்பதைத் தூக்கும். கனமான வீட்டைவிட லேசான வீட்டைத் தூக்குவது அதற்குச் சுலபம். மேஸ்திரி சொல்லாமல் விட்டது இதைத்தான். அதனால் உங்கள் இடத்தில் அண்டர்ரீம் பைல்தான் என் யோசனை. மண்ணுக்குள் ஆழமாக இறக்குகிற கான்கிரீட் தூணைத்தான் பைல் என்கிறோம், இது அடியில் குடம் மாதிரி விரிந்திருக்கும். பெரும்பாலும் மூன்றரை மீட்டர் ஆழத்துக்கு இறக்குவார்கள், வருடம் முழுக்க ஈரம் அதிகம் மாறாத மண்ணில் அது கவ்விக்கொள்ளும். பைல்களை இணைக்கிற பீமுக்கும் தரைக்கும் நடுவில் இடைவெளி விடச் சொல்லுங்கள், மண் உப்ப இடம் வேண்டும். எடை குறைந்ததன் பலன் பைல்களின் எண்ணிக்கையில் கிடைக்கும். ஆழத்தில் கை வைக்காதீர்கள். முதலில் மண் பரிசோதனை. அதற்கு ஆகிற செலவைப் பார்த்துத் தயங்குகிறவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஒத்தக்கடை: அண்ணே, சீக்கிரம் முடியும் என்கிறார்களே, எப்படி?

கான்கிரீட்டில் ஒவ்வொரு கட்டமும் முந்தைய கட்டத்துக்காகக் காத்திருக்கும். தளம் போட்டால் 7 முதல் 10 நாள் தண்ணீர் கட்ட வேண்டும், பீமுக்கு அடியில் முட்டு 2 வாரமாவது நிற்க வேண்டும். இரும்பில் இங்கே அஸ்திவாரம் இறுகிக்கொண்டிருக்கும்போதே பட்டறையில் தூணும் பீமும் தயாராகும். வந்ததும் போல்ட் போட்டு நிறுத்துவதுதான். கியூரிங்குக்கு லாரித் தண்ணீர் வாங்கிய வீட்டுக்காரர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஒரு விஷயம் தம்பி. வேலை தொடங்குமுன் வரைபடம் முழுசாக முடிந்திருக்க வேண்டும். கொத்தனாரிடம் சொல்வதுபோல "ஜன்னலை ஒரு அடி தள்ளிக்கலாம்" என்று பாதியில் சொல்ல முடியாது. ஒயரும் பைப்பும் போகிற ஓட்டைகூட தகட்டிலேயே போட்டு வரும். வீட்டில் உள்ள எல்லாரும் உட்கார்ந்து பேசி முடித்த பிறகு பட்டறைக்குக் கொடுங்கள்.

திருநகர்: கத்திரி வெயிலில் இரும்பு வீடு அடுப்பாகிவிடாதா?

தகரக் கூரையை நினைத்துக் கேட்கிறீர்கள். சட்டம் இரும்பாக இருந்தாலும் கூரையைக் கான்கிரீட்டில் போடலாம். டெக் ஷீட் என்கிற நெளிந்த இரும்புத் தகட்டின் மேல் கம்பி விரித்துப் போடுகிற தளம் அது. செங்கல் சுவர் பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்து, ராத்திரி பத்து மணிக்கு நம் படுக்கைக்குத் திருப்பித் தரும். போர்டுச் சுவர் அப்படிச் சேர்த்து வைக்காது, பொழுது சாய்ந்ததும் ஆறிவிடும். ஆனால் உள்ளே ராக்வுல் என்கிற, வெப்பத்தைத் தடுக்கும் பஞ்சை வைக்காவிட்டால் பகலில் தாங்காது. மேற்குச் சுவருக்கு அதை எந்தக் காரணத்துக்காகவும் குறைக்காதீர்கள்.

மேலூர்: துரு? எங்கள் மாமா அதையே சொல்லிப் பயமுறுத்துகிறார்.

மாமா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, ஆனால் கான்கிரீட்டுக்குள் இருக்கிற கம்பியும் துருப்பிடிக்கும். அது வெளியே தெரிவது காரை உடைந்து விழும்போதுதான்.

நான் ஆரம்பத்தில் செய்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். தூணின் அடித்தகட்டுக்கும், அதைத் தாங்குகிற கான்கிரீட் பீடமான பெடஸ்டலுக்கும் நடுவில், மட்டம் பார்க்க ஓர் அங்குலம் விடுவோம். பிறகு கிரௌட் என்கிற, இறுகும்போது சுருங்காத சிமென்ட் கலவையை ஊற்றி அடைக்க வேண்டும். வாசல் பக்கத் தூணில் கிரௌட் ஒரு மூலைக்குப் போய்ச் சேரவில்லை. நான் சுத்தியலால் தட்டிப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. மேலே டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். தினமும் வாசல் கழுவுகிற தண்ணீர் அந்தப் பொந்தில் போய் நின்றது. நான்கு வருடம் கழித்து டைல்ஸை எடுத்தபோது தகட்டின் விளிம்பு பழுப்பு அடுக்குகளாக விரலோடு உரிந்து வந்தது. தூணுக்கு முட்டுக் கொடுத்து, தகட்டை வெட்டி மாற்றினோம். அன்றிலிருந்து ஒவ்வொரு தகட்டையும் நானே தட்டிப் பார்க்கிறேன். பொந்து இருந்தால் சத்தமே காட்டிக்கொடுக்கும்.

ஆகவே, பெடஸ்டல் தரைக்கு மேலே அரை அடியாவது நிற்கட்டும், தூண் மண்ணில் புதையக் கூடாது. துத்தநாகத் தகட்டை வெல்டிங் செய்தால் அந்த இடத்துப் பூச்சு எரிந்துவிடும். ஸ்க்ரூ போடுங்கள், வெல்டிங் தவிர்க்க முடியாவிட்டால் ஜிங்க் பெயிண்ட் அடியுங்கள். குளியலறைச் சுவரின் அடிப்பகுதியில் வாட்டர்புரூஃபிங் செய்வதை நேரில் நின்று பாருங்கள்.

வாடிப்பட்டி: கரையான், தீ, இடி. மூன்றுக்கும் ஒரே வரியில் சொல்லுங்கள் சார்.

கரையான் சட்டத்தைத் தின்னாது, ஆனால் கதவு நிலையையும் பிளைவுட்டையும் தின்னும், மண்ணுக்கு மருந்து அடித்தே ஆக வேண்டும். இரும்பு எரியாது, ஆனால் 550 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பாதி பலம் போய்விடும்; அதனால் அதை ஜிப்சம் போர்டு மாதிரி தீ தாங்குகிற ஒன்றால் மூட வேண்டும். இடிக்கு முறையான எர்த்திங்.

நாகமலை புதுக்கோட்டை: சதுர அடி ரேட்டா, கிலோ ரேட்டா?

கிலோ. ஆனால் டிசைன் போட்டு மொத்த எடை தெரிந்த பிறகு. 200 மில்லிமீட்டர் உயர ஐ-பீம் மீட்டருக்குச் சுமார் 25 கிலோ, 6 மீட்டர் துண்டு ஒன்று 150 கிலோ வரும். லாரி வரும்போது எடைமேடைச் சீட்டை வாங்கி வரைபடத்து எடையோடு ஒப்பிடுங்கள். அதிகம் வந்தால் காசு வீண், குறைந்து வந்தால் எங்கேயோ தகடு மெலிந்திருக்கிறது என்று அர்த்தம்.

உசிலம்பட்டி: தம்பி, பேத்திக்கு வளைகாப்பு முடிந்திருக்கிறது. புது வீட்டில் தொட்டில் கட்டக் கொக்கி போட முடியுமா?

தாராளமாக அம்மா. ஃபால்ஸ் சீலிங்கில் மாட்டாதீர்கள், அது தாங்காது. எந்த அறை என்று இப்போதே சொன்னால், அந்த இடத்துப் பீமின் அடியில் பட்டறையிலேயே கொக்கியை வெல்டிங் செய்து அனுப்பச் சொல்லலாம். சீலிங் அடிக்கிறவர் அதற்கு ஓட்டை விட்டு அடிப்பார். ஃபேன் இறக்கை படாத தூரத்தில் இருக்கட்டும்.