சுவர் இருக்கட்டும், முதலில் மாடிப்படியைப் பாருங்கள்

ஐந்து மாடிப் பழைய அலுவலகத்தைப் பள்ளியாக்கப் போகிறோம், தடுப்புச் சுவர்களை எங்கே எழுப்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். சுவர் அப்புறம். முதலில் மாடிப்படியின் அகலத்தை அளந்து பாருங்கள். அலுவலகத்தில் ஆளுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் என்று கணக்குப் போடுவார்கள். வகுப்பறையில் அது 2 சதுர மீட்டர்தான். அதே தளத்தில் பல மடங்குக் கூட்டம், அதுவும் மணி அடித்ததும் ஒரே நேரத்தில் இறங்கும். படி, கழிப்பறை, காற்றோட்டம் மூன்றுமே திணறும். சின்னப் பிள்ளைகளுக்குக் கீழ்த்தளமே சரி. நூலகத்தின் சுமையைத் தளம் தாங்குமா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும்.

சுவர்களைப் பொய்க்கூரையோடு (தளத்துக்கு அடியில் தொங்கவிடும் மெல்லிய கூரை) நிறுத்தாமல், அதற்கு மேலே உள்ள தளத்தின் அடிப்பக்கம் வரை ஏற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடு இங்கே கேட்கும். இன்னொன்று, பழைய கூரையில் கை வைக்கும் முன்பே அதில் ஆஸ்பெஸ்டாஸ் (நுரையீரலைக் கெடுக்கும் கனிம நார்) இருக்கிறதா என்ற சோதனை முடிந்திருக்க வேண்டும்.