வீட்டிலேயே எஞ்சின் மாற்றிய மாருதி 800-இல் ஆயில் ஒழுகுகிறது. எங்கிருந்து என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வேறு என்ன வேலை பாக்கி இருக்கும்?

முதலில் ஸ்பேனரைக் கீழே வையுங்கள். சொட்டு விழுகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு. இது எனக்குப் புரிய ஒரு சனி, ஞாயிறு முழுக்கப் போனது.

திருநகரில் எங்கள் வீட்டு வாசலில் வைத்து, இதே 796 சிசி எஞ்சினைத்தான் நானும் மேலூர் மாமாவும் மாற்றினோம். மாமா லாரிப் பட்டறையில் முப்பது வருடம் இருந்தவர். எஞ்சின் ஸ்டார்ட் ஆன அன்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மறுநாள் காலையில் பார்த்தால், எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்துக்கு நேர் கீழே தரையில் ஆயில், ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு. அங்கே ஆயில் விழுந்தால் கிராங்கின் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டின்) பின்பக்க ஆயில் சீல்தான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். "பொறு மாப்ள, கழுவிப் பார்த்துட்டுக் கை வைப்போம்" என்றார் மாமா. நான் கேட்கவில்லை. கியர்பாக்ஸை இறக்கி, புது சீல் போட்டு, திரும்ப ஏற்றி, இரவு வண்டிக்கு அடியில் அட்டை விரித்து வைத்தேன். காலையில் அதே இடத்தில் அதே அளவு ஆயில்.

அப்புறம்தான் மாமா சொன்னபடி செய்தோம். கார்புரேட்டர், ஸ்பார்க் பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர் மூன்றையும் பாலித்தீன் பையால் கட்டிவிட்டு, டீசலும் பிரஷ்ஷுமாக எஞ்சின் முழுவதையும் கழுவினோம். நன்றாகக் காய்ந்து டீசல் வாடை போன பிறகு, முகத்துக்குப் போடும் பவுடரைத் துணியில் கட்டி எஞ்சின் மேல் தட்டினோம். திருப்பரங்குன்றம் வரை ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்தால், வெள்ளைப் பவுடரில் நூல் மாதிரி ஒரு பழுப்புக் கோடு. டிஸ்ட்ரிபியூட்டருக்கு அடியில் தொடங்கி, ஹெட்டின் ஓரமாக இறங்கி, கியர்பாக்ஸ் கூட்டின் மேல் பரவி, அந்த ஜாயின்ட் வழியாகக் கீழே போயிருந்தது. டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி ஓ-ரிங்கை ஊக்கால் நெம்பினேன். ரப்பர் மாதிரி வளையவில்லை, பட்டென்று இரண்டாக உடைந்தது. இந்த வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டர் கியர்பாக்ஸ் பக்கம், ஹெட்டின் முனையில் உட்கார்ந்திருப்பதால் பின் சீல் ஒழுகுவது போலவே காட்டும். நீங்கள் கழற்றினால் அதன் உடம்பிலும் ஹெட்டிலும் சேர்த்து ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள், ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் போனில் படம் எடுத்து வையுங்கள். இல்லையென்றால் டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், மாறிப் போய்விடும்.

ஆகவே நனைந்த இடங்களில் எது மேலே இருக்கிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். அது எஞ்சின் ஆயில்தானா என்று விரலில் தொட்டு முகர்ந்தும் பாருங்கள். கியர் ஆயிலுக்குக் கந்தக நாற்றம் உண்டு. அது அடித்தால் ஆக்சில் பக்க சீலைப் பார்க்க வேண்டும், எஞ்சினை அல்ல.

ஒரே நேரத்தில் நாலு இடத்தில் கசிந்தால் எந்த பேக்கிங்கையும் மாற்றாதீர்கள். எஞ்சினின் மேல் மூடியான டேப்பட் கவரிலிருந்து ஏர் கிளீனருக்குப் போகும் பிரீதர் ஹோஸ் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் மாற்றும் அவசரத்தில் அது எங்காவது நசுங்கிவிடும். உள்ளே சேரும் காற்றுக்கு வழி இல்லாவிட்டால், சீல், பேக்கிங் என்று கிடைத்த இடத்திலெல்லாம் ஆயிலைத் தள்ளும். ஹோஸ் சரியாக இருந்தும், ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறதா? பிஸ்டன் ரிங் தேய்ந்த எஞ்சினாக இருக்கலாம். வேறு எதையும் செய்வதற்கு முன் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்த்துவிடுங்கள்.

சீலன்ட் விஷயத்தில் தயவுசெய்து கை அடக்கம் வேண்டும். வெளியே பிதுங்குகிற அளவு உள்ளேயும் பிதுங்கும். அது உதிர்ந்து ஆயில் பம்பின் சல்லடையை அடைத்தால் எஞ்சினே போய்விடும். எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப் தகரத்தில் போல்ட் ஓட்டைகள் உள்வாங்கியிருந்தால், மரக்கட்டை மேல் வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டிச் சமப்படுத்துங்கள். அதைச் செய்யாமல் எத்தனை பேக்கிங் போட்டாலும் கசியும். டேப்பட் கவரையும் இறுக்கித் தள்ளாதீர்கள், தகடு வளைந்துவிடும். ஆயில் பிரஷர் சுவிட்சில் டெஃப்லான் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றினால், மரை வழியாகக் கிடைக்கும் எர்த் போய் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியாமலே போகலாம்.

பாக்கி வேலையில் நான் முதலில் கேட்பது, எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையே எர்த் வயர் போட்டீர்களா என்று. அதை மறந்தால் ஸ்டார்ட்டர் இழுக்கிற கரண்ட் ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் வழியாக ஓடி அவற்றைச் சுட்டுவிடும். ஹோஸ், வயர் எதுவும் சைலன்சர் பைப்பைத் தொடக் கூடாது. ஆயிலும் அதன் மேல் சொட்டக் கூடாது, தீப்பிடிக்கும். நான் நூறு கிலோமீட்டர் ஓட்டியதும் எஞ்சினைத் தாங்கும் மவுன்டிங் போல்ட்டுகளில் ஒருமுறை ஸ்பேனர் போட்டேன், இரண்டு போல்ட்டுகள் அரைச் சுற்று ஏறின.

கடைசியாக ஆர்.சி. எஞ்சின் மாற்றினால் முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அனுமதி வாங்குவதுதான் முறை. வாங்காமல் மாற்றியிருந்தால், 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். இப்போது மாட்டியிருக்கும் எஞ்சினை வாங்கிய பில்லைத் தொலைத்துவிடாதீர்கள். பில் இதுவரை வாங்கவில்லை என்றால் இன்றைக்கே அந்தக் கடைக்குப் போய்க் கேளுங்கள். பிளாக்கில் எஞ்சின் நம்பர் உள்ள இடத்தையும் பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தமாக்கி வையுங்கள். எங்கள் வண்டியில் இரண்டே வாரக் கசிவில் அதன் மேல் ஆயிலும் மண்ணும் கெட்டிப் பத்தாகிக் கிடந்தது.