வாழ்த்து முதல் பத்தியில், மனு இரண்டாம் பத்தியில்

கேள்வி: அமெரிக்கச் சுதந்திரப் போர் முடிந்ததும் பாரிசில் தூதராக இருந்த பெஞ்சமின் பிராங்க்ளினுக்கு ஐரோப்பா முழுவதிலுமிருந்து கடிதங்கள் குவிந்தனவாம். விடுதலை மீது அந்த மக்களுக்கு எவ்வளவு மரியாதை! நம் ஊராக இருந்தால், ‘பையனுக்கு ஒரு வேலை போட்டுக் கொடுங்கள்’ என்று மனுவோடு வரிசையில் நின்றிருப்பார்கள், இல்லையா?
(ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: கடிதங்கள் குவிந்தது உண்மை. அவற்றில் என்ன எழுதியிருந்தது என்பதையும் படித்துவிட்டுக் கேட்டிருக்கலாம்.

வாழ்த்து இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் அது பல கடிதங்களில் முதல் பத்தியோடு முடிந்துவிடும். அடுத்த பத்தியில் மனு. 1783 தொடக்கத்தில் சமாதானச் செய்தி பரவியதுமே துறைமுக ஊர் வியாபாரிகள், ‘எங்கள் ஊருக்கு அமெரிக்கத் துணைத்தூதராக என்னையே போடுங்கள்’ என்று எழுத ஆரம்பித்துவிட்டார்கள். நிலம் கேட்டவர்கள், கப்பல் செலவு கேட்டவர்கள், பதவி கேட்ட பிரபுக்குலத்தார் என்று பட்டியல் நீளும். மனுஷனுக்கு வயது 77. கீல்வாதம், கல்லடைப்பு வேறு. இத்தனைக்கும் அவர் தன் நாட்டின் முதல் தபால் துறைத் தலைவர். தபாலாலேயே அவதிப்பட வேண்டும் என்று எழுதியிருந்தது போலும்.

இந்தத் தொல்லை போர்க்காலத்திலேயே தொடங்கியதுதான். அப்போது அமெரிக்க ராணுவத்தில் சேர சிபாரிசு கேட்டுத் துளைத்தார்கள். விருந்துக்குப் போகவே பயமாக இருக்கிறது, இரண்டு கோப்பை ஷாம்பெயின் உள்ளே போனதும் எவனாவது பிடித்துக்கொள்கிறான் என்று ஒரு நண்பரிடம் புலம்பியிருக்கிறார். 1777-இல் ஒரு மாதிரி சிபாரிசுக் கடிதமே எழுதி வைத்தார். அதன் சாரம்: ‘இதைக் கொண்டுவருபவர் கடிதம் கேட்டு நச்சரிக்கிறார். எனக்கு இவரைத் தெரியாது, பெயர்கூடத் தெரியாது. இவருடைய தகுதியைப் பற்றி இவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அது என்னைவிட இவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.’ நம் அரசியல்வாதிகளின் லெட்டர்பேடுகளில் இதை அச்சடித்து வைக்கலாம்.

போருக்குப் பிறகு ஒவ்வொருவருக்கும் பதில் எழுதி மாளாது என்று, அமெரிக்காவுக்குக் குடியேற நினைப்பவர்களுக்கான தகவல் என்ற பிரசுரத்தை 1784-இல் பாரிசை ஒட்டிய பாஸியில் இருந்த தன் சொந்த அச்சகத்திலேயே அச்சிட்டார். அரசாங்கம் இலவச நிலமும் மாடும் அடிமைகளும் தரும் என்பதெல்லாம் வெறும் கற்பனை. அங்கே ஒருவன் யார் என்று கேட்க மாட்டார்கள், அவனுக்கு என்ன வேலை தெரியும் என்றுதான் கேட்பார்கள். கோழிகள் வறுபட்டே பறந்துவந்து ‘என்னைத் தின்னு’ என்று கூவுகிற தேசம் அதுவல்ல என்று போட்டு உடைத்தார். இவ்வளவு பாடம் யாருக்கு நடத்தினார்? நீங்கள் மெச்சுகிற அதே மக்களுக்குத்தான்.

போப்பாண்டவரின் தூதரும் எழுதினார். அமெரிக்கக் கத்தோலிக்கர்களுக்கு ஒரு தலைவரை நியமிக்க வேண்டும், உங்கள் அரசு என்ன சொல்கிறது என்று 1783-இல் கேட்டார். அது ஆன்மிக விஷயம், எங்கள் அதிகாரத்துக்குள் வராது என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒதுங்கிக்கொண்டது. பிராங்க்ளின் சும்மா இருக்கவில்லை. தனக்குத் தெரிந்த பாதிரியார் ஜான் கரோலைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னார், அவரே நியமிக்கப்பட்டார். பெயர் தெரிந்தவராக இருந்தால் சிபாரிசும் இனிக்கும்.

அப்புறம், நம் ஊரைப் பற்றிப் பேசினீர்கள். அந்தச் சமயத்தில் நம் ஊர் எங்கே நின்றது தெரியுமா? பிரிட்டனும், போரில் அமெரிக்காவின் பக்கம் நின்ற பிரான்சும் 1783 ஜனவரி 20 அன்று வெர்சாயில் பூர்வாங்க உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டன. ஜூன் மாதம் கடலூரில் அதே இரண்டு படைகளும் தரையிலும் கடலிலும் மோதிச் செத்துக்கொண்டிருந்தன. சமாதானம் ஆகிவிட்டது என்ற கடிதம் ஜூன் கடைசியில்தான் வந்து சேர்ந்தது. வேலை கேட்டு அல்ல, அந்த ஒரு தபாலுக்காகத்தான் நம் ஊர் காத்துக் கிடந்தது.

சரி, வேலை கேட்காத கடிதமே வரவில்லையா என்றால், வந்தது. போரில் ஆங்கிலேயர் பக்கம் நின்ற மகன் வில்லியம், 1784 ஜூலையில் பழைய உறவைப் புதுப்பிக்கலாமா என்று லண்டனிலிருந்து எழுதினான். எனக்கும் சந்தோஷம்தான் என்று தொடங்கிய அப்பா, முதிய வயதில் ஒரே மகனே தன்னைக் கைவிட்டு எதிர்ப்பக்கம் ஆயுதம் எடுத்ததைப் போல எதுவும் தன்னைப் புண்படுத்தியதில்லை என்று ஆகஸ்டில் பதில் எழுதினார். இப்போதைக்கு இங்கே வரவேண்டாம் என்றும் சேர்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டு ஊர் திரும்பும் வழியில் சவுத்தாம்ப்டனில் இருவரும் சந்தித்தார்கள். மகன் தரவேண்டிய பாக்கியைக் கணக்குப் பார்த்து, அமெரிக்காவில் அவனுக்கிருந்த நிலத்தைப் பேரன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டு கப்பல் ஏறினார்.