வைக்கோலை மிச்சம் வைக்கும் மாடு

அண்ணே, காரைக்குடிப் பக்கம் கண்மாய் வறண்டு பச்சையே இல்லை, கறவை மாட்டுக்கு வெறும் வைக்கோல்தான், அதிலும் பாதியை மிச்சம் வைக்கிறது, ஆனால் காய்ச்சல் இல்லை, அசை போடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் பெரும்பாலும் நோய் இல்லை. வயிற்றில் இடம் இல்லை.

வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம்தான். முதல் வயிற்றில் நாரைச் செரிக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்குச் சுமார் 7 சதவீதமாவது வேண்டும். இல்லாவிட்டால் நார் அங்கேயே தங்கிவிடும். பழையது இறங்காமல் புதியது எங்கே போகும்? மட்டத் தீனியை நிறையத் தின்று சரிக்கட்டுவது குதிரைக்கு ஓரளவு முடியும், மாட்டுக்கு முடியாது.

ஆர்க்டிக்கின் ரெயின்டீர் மானும் அசை போடும் சாதிதான். ஆனால் குளிர்காலத்தில் அதற்குப் பசியே அடங்கிவிடும். நல்ல தீனி வைத்தாலும் குறைவாகத்தான் தின்னும், சேர்த்து வைத்த கொழுப்பில் ஓட்டும். பால் கறக்கும் நம் மாட்டுக்கு அந்த வசதி ஏது!

சரி, அந்தப் புரதத்துக்குக் கடலைக்கொடி கிடைத்தால் வைக்கோலோடு கலந்து போடுங்கள். கொஞ்சம் அகத்தி, ஊறவைத்த கடலைப் புண்ணாக்கு. ஒரேயடியாக வேண்டாம், 10 நாளில் மெல்லக் கூட்டுங்கள். அப்புறம் அதே வைக்கோலையே கூடுதலாகத் தின்னும். வைக்கோலில் யூரியா கலப்பதை மட்டும் கால்நடை மருத்துவரைக் கேட்காமல் செய்யாதீர்கள், அளவு தப்பினால் மாடு போய்விடும்.