ஐந்து சுரத்தில் ‘ஜன கண மன’ வராதுங்க

கேள்வி: தாராபுரம் பக்கம் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியராக இருக்கிறேன். சாரணர் படைப் பொறுப்பும் என்னிடம்தான். ஸ்டோர் ரூமைச் சுத்தம் செய்தபோது நான்கு பழைய பியூகிள்கள் (ராணுவத்தில் அழைப்புக்கு ஊதும் குழல்கள்) கிடைத்தன. ஒன்று நசுங்கியிருக்கிறது. 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை 14 பிள்ளைகள் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறார்கள். எனக்கு ஊதத் தெரியாது. யூடியூப் பார்த்துச் சொல்லிக்கொடுக்கிறேன். மூன்று வாரமாக ‘புர்ர்’ என்ற சத்தம்தான் வருகிறது. இரண்டு பேருக்கு உதடு வீங்கிவிட்டது. ஒரு பையனின் அமுச்சி (பாட்டி), “ஊட்டுக்குள்ள எதுக்குடா கண்ணு சங்கு ஊதற?” என்று பியூகிளைப் பிடுங்கி வைத்துவிட்டார். இன்னொருவனின் அப்பா, ஊதினால் குடலிறக்கம் வரும் என்று பயப்படுகிறார். சாரணியர் பிரிவில் ஆர்வமுள்ள ஒரு மாணவியை வீட்டில் விட மறுக்கிறார்கள். தலைமை ஆசிரியரோ ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றும்போது பிள்ளைகள் பியூகிளில் ‘ஜன கண மன’ வாசிக்க வேண்டும் என்கிறார். இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. முடியுமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். முடியாது. ஆறு வாரத்தில் மட்டுமல்ல, ஆறு வருடம் பழகினாலும் பியூகிளில் ‘ஜன கண மன’ வராது. பிள்ளைகள் மேல் குற்றமில்லை, வாத்தியத்தின் அமைப்பே அப்படி.

பியூகிள் என்பது வளைத்துச் சுற்றிய ஒரே குழாய். விரல் வைக்க ஓட்டையும் கிடையாது, டிரம்பெட்டில் இருப்பது போல அமுக்குகிற கட்டையும் கிடையாது. குழாயின் நீளம் மாறாததால் அது தன் இயல்புப்படி சில சுரங்களை மட்டும்தான் தரும். நடைமுறையில் பயன்படுவது ஐந்து: கீழ் ச, ப, மேல் ச, அதற்கு மேலே க, ப. ராணுவத்திலும் முகாம்களிலும் ஊதுகிற பியூகிள் அழைப்புகள் எல்லாம் இந்த ஐந்துக்குள் அடங்கியவை. ரி, ம, த, நி இதில் இல்லை. ‘ஜன கண மன’ இரண்டாவது எழுத்திலேயே ரி கேட்கிறது. அங்கேயே பியூகிள் கை விரித்துவிடும்.

தலைமை ஆசிரியரிடம் கரும்பலகையில் ச, ரி, க எழுதிக் காட்டியே இதைச் சொல்லலாம். கணக்கு வாத்தியார் சொன்னால் கேட்டுக்கொள்வார். 52 விநாடி தேசிய கீதத்தைப் பள்ளி முழுக்கச் சேர்ந்து பாடுவதைவிட நன்றாக எந்த வாத்தியம் வாசித்துவிடப்போகிறது? பியூகிளுக்கு அன்றைக்கு வேறு வேலை இருக்கிறது, பிறகு வருகிறேன்.

இப்போது ‘புர்ர்’ சமாச்சாரம். பிள்ளைகள் குழலுக்குள் காற்றை ஊதுகிறார்கள். பியூகிளில் காற்றை ஊதினால் சத்தம் வராது, உதடு அதிர வேண்டும். அந்த அதிர்வைத்தான் குழாய் பெரிதாக்கிக் கொடுக்கிறது. ஆகவே முதல் வாரம் பியூகிளைப் பெட்டியில் பூட்டிவிடுங்கள். ‘ம்’ என்று சொல்லும்போது உதடுகள் எப்படி மெதுவாக ஒட்டியிருக்கின்றனவோ அப்படியே வைத்து, வாயின் இரண்டு ஓரங்களையும் சற்று இறுக்கி, நடுவில் மட்டும் காற்று வழிந்துபோகும்படி ஊதச் சொல்லுங்கள். தேனீ மாதிரி ‘ஸ்ஸ்’ஸும் ‘ம்ம்’மும் கலந்த ஒரு ரீங்காரம் கேட்கும். சின்னக் குழந்தைகள் உதட்டைத் தளர்த்திக் கார் ஓட்டுவார்களே, அது வேண்டாம். அதுதான் உங்கள் ‘புர்ர்’. கன்னம் உப்பக் கூடாது. ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளட்டும். சிரிப்பு தாங்காது, சிரித்தால் உதடு நிற்காது, அதற்கும் இரண்டு நாள் விட்டுவிடுங்கள்.

அது வந்த பிறகு வெறும் மவுத்பீஸ். உதட்டின் நடுவில் வைத்து, நாக்கால் ‘தூ’ என்று தொடங்கிச் சத்தத்தை நிறுத்தாமல் எட்டு எண்ணும் வரை பிடிக்க வேண்டும். அதன் பிறகுதான் பியூகிள். முதலில் கீழ் ச, ப இரண்டில் எது யாருக்கு வருகிறதோ அதை நீளமாக ஊதட்டும். பிறகு மேல் ச. மேலே இருக்கும் க, ப இரண்டையும் முதல் மாதத்தில் யாரும் தொடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

உங்கள் பிள்ளைகளுக்கு உதடு வீங்கியதற்குக் காரணமும் அதுவாகத்தான் இருக்கும். எல்லோருக்கும் உச்சத்தில் அலற வேண்டும் என்று ஆசை. உதடு தயாராகவில்லை, அதனால் மவுத்பீஸை உதட்டில் வைத்து அழுத்துகிறார்கள். அழுத்தினால் ஒருமுறை சத்தம் கிளம்பும், ஆனால் ரத்த ஓட்டம் நின்று உதடு மரத்துப்போகும், அப்புறம் கீழ் சுரமும் வராது. மேல் சுரத்துக்குக் காற்றின் வேகம்தான் வேண்டும். தோட்டத்தில் ஓஸ் முனையை விரலால் அடைத்தால் தண்ணீர் எட்டிப் பாய்கிறதல்லவா, உதடு அந்த விரல் வேலையைச் செய்ய வேண்டும். வாய்க்குள் ‘ஆ’ என்று நினைத்தால் கீழ் சுரம், ‘ஈ’ என்று நினைத்தால் மேல் சுரம். வீங்கிய இருவருக்கும் வீக்கம் முழுதாக வடிகிற வரை ஓய்வு கொடுங்கள். மற்றவர்களுக்கும் ஐந்து நிமிடம் ஊதினால் ஐந்து நிமிடம் ஓய்வு, எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்கிறேன் என்று ஆரம்பித்துவிடாதீர்கள், தினமும் கொஞ்சம் என்பதுதான் உதட்டுக்குப் பிடிக்கும்.

நான்கு பியூகிள், 14 பிள்ளைகள் என்று தேர்வு வைக்கப் போகிறீர்களா? வைக்காதீர்கள். பியூகிள் பொதுவாக இருக்கட்டும், மவுத்பீஸ் மட்டும் ஆளுக்கு ஒன்று வாங்கிவிடுங்கள். ஒருவர் வாயில் வைத்ததை இன்னொருவர் வைப்பது சளி, காய்ச்சல் காலத்தில் சரிப்படாது. மீரட் ஊரில் செய்து வருகிற பேண்டு வாத்தியச் சாமான்களில் மவுத்பீஸ் தனியாகவே கிடைக்கும். பழைய பியூகிளில் ஒன்றைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள். முறை வராத பிள்ளைகளுக்கு அரை இஞ்ச் ஓஸ் பைப்பை நாலரை அடிக்கு வெட்டி, ஒரு முனையில் மவுத்பீஸைத் துணி நாடா சுற்றிச் செருகி, மறுமுனையில் பிளாஸ்டிக் புனலை மாட்டிக் கொடுங்கள். வேடிக்கையாக இல்லை, உண்மையாகவே ஊதலாம். சாதாரணமாகக் கிடைக்கும் பியூகிளின் குழாயும் ஏறக்குறைய அந்த நீளம்தான், அதனால் சுரங்களும் கிட்டத்தட்ட அங்கேயே வரும். பைப்பை வெட்ட வெட்டச் சுரம் ஏறுவதைப் பிள்ளைகளே பார்க்கலாம். உங்கள் பாடமான விகிதமும் அதில் வந்துவிடும்.

யூடியூப் போதாது. பக்கத்தில் நின்று உதட்டைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரித்தால் பட்டாளத்தில் பியூகிள் ஊதியவர் யாராவது சுற்றுவட்டாரத்தில் இருக்கிறாரா என்று தெரியவரலாம். கல்யாணப் பேண்டு செட்டில் டிரம்பெட் வாசிப்பவருக்கும் இதே உதட்டு வேலை தெரியும். ஆனால் நான் முதலில் தேடிப்போகச் சொல்வது மாரியம்மன் நோம்பிக்குக் கொம்பும் தாரையும் ஊதுகிறவர்களை. கொம்பும் ஓட்டையில்லாத குழல்தான், உதட்டு அதிர்வில்தான் பேசுகிறது. சாமி ஊர்வலத்தில் மணிக்கணக்காக ஊதிக்கொண்டே நடக்கிறவருக்கு மூச்சைப் பற்றித் தெரிந்தது எந்தப் பயிற்சி நூலிலும் இருக்காது. அப்படி ஒருவரை அழைத்தால் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள், பிள்ளைகள் ‘அய்யா’ என்று அழைக்கட்டும், போக்குவரத்துச் செலவோடு சம்பளமும் கொடுங்கள். நோம்பி முடிந்ததும் பின்வாசலில் நிற்கவைத்துப் பணம் கொடுக்கிற பழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது என்பதால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

அடுத்தது, பியூகிளுக்கு வேலை. உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது இதுதான்: ஆகஸ்ட் 15-ஐத் தவிர அந்தப் பியூகிளுக்கு வேறு வேலை எதையும் நீங்கள் யோசிக்கவில்லை. மேடைக்காக மட்டும் பழகுகிற வாத்தியம் மேடை முடிந்ததும் மறுபடியும் ஸ்டோர் ரூமுக்குத்தான் போகும். 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் முதல் சாரணர் முகாமை நடத்தியபோது, சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்திருந்த கூடு (kudu) என்ற மானின் கொம்பை ஊதித்தான் பையன்களை எழுப்பினார். அது கச்சேரியில்லை, ‘எழுந்திரு’ என்ற செய்தி. நீங்களும் அப்படியே செய்யுங்கள். ச-ப-ச என்றால் எல்லோரும் கூட வேண்டும். ப-ப-ச என்றால் அணித் தலைவர்கள் மட்டும் ஓடிவர வேண்டும். ஒரே சுரத்தை நீளமாக ஊதினால் அப்படியே நிற்க வேண்டும். சாரண அணி ஒவ்வொன்றும் தனக்கென்று இரண்டு மூன்று சுரத்தில் ஓர் அழைப்பை அமைத்துக்கொள்ளட்டும். (மயில் அணி இருந்தால் அவர்களுக்கு மட்டும் பியூகிள் தேவைப்படாது. நம் பக்கத்துச் சோளக் காடுகளில் மயில் கத்துவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் வாயாலேயே கத்திவிடுவார்கள்.) வாரம் இருமுறை படை கூடும்போது விசிலுக்குப் பதில் பியூகிள்தான் என்று வைத்துவிட்டால், தப்பாக ஊதினால் யாரும் வர மாட்டார்கள். நீங்கள் திட்டுவதைவிட அது சீக்கிரம் கற்றுக்கொடுக்கும்.

ஆகஸ்ட் 15-க்கு இதிலிருந்தே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் திடலில் அங்கங்கே நிற்கும்போது நன்றாக வருகிற இரண்டு பேர் ‘கூடு’ அழைப்பை ஊதட்டும், வகுப்புகள் வரிசைக்கு வரட்டும். கொடி ஏறட்டும், கீதத்தை எல்லோரும் பாடட்டும். பத்து விநாடி வேலைதான், ஆனால் பள்ளி முழுக்கத் திரும்பிப் பார்க்கும். ஆறு வாரத்தில் மூன்று சுரம் நிச்சயம் வரும்.

ஒன்றை மட்டும் இப்போதைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம்: ‘லாஸ்ட் போஸ்ட்’. பிள்ளைகள் யூடியூபில் பார்த்துவிட்டு அதைத்தான் கேட்பார்கள். ஒரு காலத்தில் படை முகாமில் அன்றைய காவல் சுற்று முடிந்ததைச் சொன்ன அழைப்பு அது. இன்று உயிர் நீத்த வீரர்களுக்கான அஞ்சலியில் ஊதுவது. அக்டோபர் 21 காவலர் வீரவணக்க நாளில் அதைக் கேட்டுக் கண்கலங்கிய குடும்பங்கள் நம் ஊர்களிலும் இருக்கின்றன. பிசிறில்லாமல் ஊத வந்த பிறகு, உரிய இடத்தில் ஊதட்டும்.

அமுச்சியின் கோபம் நியாயமானது. வீட்டுக்குள் பியூகிள் காதைக் கிழிக்கும், அதிகாலையில் ஊதினால் தெருவே எழுந்துவிடும். பியூகிளை யாரும் வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டாம். மவுத்பீஸை மட்டும் கொடுத்தனுப்புங்கள், அதன் சத்தம் பியூகிளைவிட மிகக் குறைவு. பள்ளித் திடலில் ஊதும்போதும் தள்ளித் தள்ளி நிற்கட்டும், குழலின் வாய் இன்னொருவர் காதைப் பார்க்கக் கூடாது. பேரன் மூன்று சுரம் பழகிய பிறகு அமுச்சியை ஒருநாள் திடலுக்கு அழைத்துவாருங்கள்.

குடலிறக்க பயம் நாதஸ்வரக்காரர்களைப் பற்றியும் சொல்லப்படுவதுதான். ஆரோக்கியமான பிள்ளை அளவாக ஊதினால் பயப்பட ஒன்றுமில்லை. முன்பே குடலிறக்கமோ ஆஸ்துமாவோ இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுச் சேருங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டவுடன் ஊத வேண்டாம். மூச்சைத் தொடர்ந்து வேகமாக இழுத்துவிட்டால் தலை சுற்றும், அப்போது உட்கார்ந்துகொண்டால் சரியாகிவிடும். பல்லுக்குக் கம்பி போட்ட பிள்ளைகள் இருந்தால் பல் டாக்டரின் யோசனையும் வேண்டும், கம்பி உதட்டின் உள்பக்கத்தை அறுக்கும். பல் ஆடுகிறவர்கள் விழுந்து முளைக்கிற வரை ஓஸ் பைப் வெட்டுகிற வேலையைப் பார்க்கட்டும்.

அந்த மாணவியின் வீட்டுக்குத் தனியாகப் போகாமல் சாரணியர் ஆசிரியையோடு போங்கள். ‘பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு’ என்பதற்குப் பின்னால் பெரும்பாலும் வேறு கேள்விதான் இருக்கும்: எத்தனை மணிக்கு விடுவீர்கள், யார் கூட்டிவருவார்கள்? பயிற்சியைப் பள்ளி நேரத்துக்குள் முடித்து, அவளோடு இன்னொரு பெண்ணையும் சேர்த்துவிட்டால் பாதி மறுப்பு போய்விடும். மீதிப் பாதிக்கு, ஊதுவதற்கு வேண்டியது உதடும் மூச்சும் சுரம் பிடிக்கிற காதும்தான் என்று நேராகவே சொல்லுங்கள்.

வாத்தியங்களைப் பற்றி: வருடக்கணக்கில் கிடந்த பித்தளை, செம்புக்குள் பச்சைக் களிம்பு இருக்கும். வாயில் வைக்கும் முன் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரை உள்ளே விட்டுக் குலுக்கி, பலமுறை அலசி, தலைகீழாக நிறுத்திக் காயவையுங்கள். மவுத்பீஸை உள்ளேயும் பிரஷ் போட்டுத் தேயுங்கள். புளி போட்டுத் தேய்ப்பது வெளிப்பக்கத்தோடு நிற்கட்டும். ஊதி முடித்ததும் குழலைச் சுழற்றிச் சுழற்றி உள்ளே தேங்கிய தண்ணீரை வடிக்கப் பழக்குங்கள். அது பெரும்பாலும் மூச்சின் ஈரம், முகம் சுளிக்க வேண்டியதில்லை. நசுங்கல் குழலின் அகன்ற வாய்ப்பக்கம் என்றால் அழகு மட்டும்தான் கெடும், அப்படியே ஊதலாம். மவுத்பீஸ் செருகுகிற பக்கத்துக் குறுகலான குழாய் என்றால் சுரமே தடுமாறும். அதைப் பாத்திரப் பட்டறையில் கொடுத்துத் தட்டவைக்காதீர்கள். ஈரோட்டிலோ கோவையிலோ பேண்டு செட்டுக்காரர்களைக் கேட்டால் வாத்தியம் பழுதுபார்க்கிற ஆளைக் காட்டுவார்கள். அதுவரை மூன்றை வைத்து ஓட்டுங்கள்.